கல் நடும் முன் கேளுங்கள்

ஊர் நிலம் பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றில் ஒரே கவலைதான்: வயலில் மனைக் கல் நட்டுவிட்டார்கள், இனி யாரிடம் போவது? கல் நடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய இருக்கின்றன. அவற்றையும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊரில் எது வயலாக இருக்க வேண்டும், எது மனையாகலாம் என்று தீர்மானிப்பது ஊராட்சிதானே ஐயா?
— ஒரு விவசாயி, மதுராந்தகம்

இல்லை. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

1992-ல் அரசியலமைப்பைத் திருத்தி உள்ளாட்சிகளுக்கு உயிர் கொடுத்தபோது இரண்டு பட்டியல் எழுதினார்கள். ஊராட்சிகளுக்கு 11-வது அட்டவணை, 29 பொருள்கள். நகராட்சிகளுக்கு 12-வது அட்டவணை, 18 பொருள்கள். நகரப் பட்டியலில் முதலில் வருவது நகரமைப்புத் திட்டம். இரண்டாவதாக வருவது நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துவது. கிராமப் பட்டியலைப் பாருங்கள். விவசாயம் உண்டு, நில மேம்பாடு உண்டு, நிலச் சீர்திருத்தமும் மண்வளப் பாதுகாப்பும் உண்டு. எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் அதிகாரம் மட்டும் இல்லை. நிலத்தை நம்பிப் பிழைக்கிற கிராமத்துக்குத்தான் அது முதலில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்த அதிகாரம் 1971-ம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்துக்குள் இருக்கிறது. முழுமைத் திட்டம் போட்ட பகுதி என்றால் அந்த வரைபடம் என்ன சொல்கிறதோ அதுதான். வரைபடம் எட்டாத கிராமம் என்றால், விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற அதே சட்டத்தின் 47-ஏ பிரிவும் 2017-ல் வந்த விதிகளும் வழி சொல்கின்றன. மனு எந்த வாசல் வழியாகப் போனாலும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின், அதாவது டிடிசிபியின், இசைவு இல்லாமல் மாற்ற முடியாது. நஞ்சை என்றால் மாவட்ட நிர்வாகமும் வேளாண்மைத் துறையும் கருத்துச் சொல்லும். ஊராட்சி இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி, அவ்வளவே. ஆனால் தரையில் நடப்பதை முதலில் பார்க்கும் கண் அதற்குத்தான் இருக்கிறது.

கேள்வி: "பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்று போர்டு வைத்து மனை விற்கிறார்கள். நம்பி வாங்கலாமா?
— ஒரு வாசகி, ஓமலூர்

வாங்காதீர்கள். மனைப்பிரிவுக்கு இறுதி ஒப்புதல் தர ஊராட்சித் தலைவருக்கு அதிகாரம் இல்லை. 1997-ம் ஆண்டின் ஊராட்சிக் கட்டட விதிகளே டிடிசிபியின் முன் இசைவு வேண்டும் என்று சொல்லிவிட்டன. சென்னைப் பெருநகர்ப் பகுதியில் அது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின், அதாவது சிஎம்டிஏவின், வேலை. ஒப்புதல் எண்ணைக் கேளுங்கள், எண்ணை வைத்து வரைபடத்தைக் கேளுங்கள், வரைபடத்தில் உங்கள் மனையைத் தேடுங்கள். மூன்றும் பொருந்தினால் மட்டும் முன்பணம் பற்றிப் பேசுங்கள்.

2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சார்பதிவாளர் அலுவலகங்கள் வெறிச்சோடின. அதற்குப் பிறகு 2016 அக்டோபர் 20 என்ற தேதி வந்தது. அந்தத் தேதிக்கு முன்பே மனையாகப் பதிவானவற்றை வரன்முறைப்படுத்தலாம் என்று 2017 மே மாதம் அரசு விதி வகுத்தது. அதற்குப் பிறகு புதிதாக வெட்டிய, அங்கீகாரமற்ற மனைக்கு அந்த வழி கிடையாது.

கேள்வி: வரன்முறைப்படுத்திய மனை என்றால் எல்லாம் சரியாகிவிட்டது என்று அர்த்தமா?
— ஒரு வாசகர், செய்யாறு

மனையின் பத்திரம் சரியாகும். மூடிய வாய்க்கால் திரும்பாது.

கேள்வி: எங்கள் ஊர் மனைப்பிரிவில் பூங்காவுக்கு என்று விட்ட இடத்தில் இப்போது கடை கட்டுகிறார்கள். கேட்டால் "அது எங்கள் சொந்த இடம்" என்கிறார்கள்.
— ஒரு பள்ளி ஆசிரியை, பெருந்துறை

அது உங்கள் இடம். உங்கள் ஊருடைய இடம்.

விதி இதுதான்: மனைப்பிரிவின் பரப்பு 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலைகள் போக மீதியில் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். ஓஎஸ்ஆர் நிலம் என்று அலுவலகங்களில் சொல்வது இதைத்தான். பரப்பு 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால் நிலத்துக்குப் பதில் பணம் கட்டித் தப்பிக்கவும் முடியாது. ஒதுக்கியதைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். உள்சாலைகளும் அப்படியே.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து ஏக்கர் என்பது ஏறத்தாழ 20,200 சதுர மீட்டர். சாலைக்கு முப்பது சதவீதம் போனது என்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவது 14,000 சொச்சம். அதில் பத்தில் ஒன்று 1,400 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 35 சென்ட். இன்றைய விலையில் 35 சென்ட் எவ்வளவு என்று உங்கள் ஊர்த் தரகரைக் கேளுங்கள். அத்தனையும் ஊராட்சியின் சொத்து. பிள்ளைகள் ஓடியாட, மழைநீர் இறங்க, நாளைக்கு ஒரு நூலகம் கட்ட என்று எதற்கெல்லாமோ உதவக்கூடிய இடம்.

திருட்டு எங்கே நடக்கிறது? பத்திரம் எழுதுவதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிற இடத்தில். பட்டா ஊராட்சி பெயருக்கு மாறுவதில்லை, வேலி போடுவதில்லை, சொத்துப் பதிவேட்டில் ஏற்றுவதில்லை. பத்து வருடம் கழித்துப் பழைய உரிமையாளரின் பெயரிலேயே பட்டா கிடக்கும். அதைக் காட்டி விற்றுவிடுவார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: டிடிசிபி ஒப்புதல் வரைபட நகல் ஒன்று, அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று ஒன்று. வில்லங்கத்தில் தானப் பத்திரம் இருந்தால் கடை கட்டுபவருக்குப் பேச வாய் இருக்காது. இரண்டையும் இணைத்து ஊராட்சிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். கட்டடம் கூரை மட்டத்துக்கு வருவதற்குள் செய்யுங்கள்.

கேள்வி: மேய்க்கால் புறம்போக்கை வளைத்துத் தென்னை வைத்துவிட்டார்கள். "ஆக்கிரமிப்பை அகற்றுவது வருவாய்த் துறை வேலை" என்கிறார் தலைவர். தாசில்தார் "ஊராட்சி எழுதித் தரட்டும்" என்கிறார்.
— ஒரு ஆடு வளர்ப்பவர், விருதுநகர் மாவட்டம்

இருவரும் பாதி உண்மையைச் சொல்கிறார்கள். 1905-ம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து வெளியேற்றும் அதிகாரம் வருவாய்த் துறைக்குத்தான். ஊர்ப் பொது நிலத்தைக் கண்ணால் காத்து எழுத்தால் புகார் செய்ய வேண்டிய பொறுப்பு ஊராட்சிக்கு. தலைவர் எழுதித் தராவிட்டால் கிராம சபை தீர்மானமாக எழுதித் தரலாம்.

கையில் ஒரு தீர்ப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். 2011 ஜனவரி 28 அன்று ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பஞ்சாப் மாநிலம் பாட்டியாலா மாவட்டத்தில் ஒரு கிராமக் குளத்தை மேவி வீடு கட்டிய வழக்கு அது. கட்டியவர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு குளத்தை அவர்களுக்கே கொடுத்துவிடலாம் என்று கீழே முடிவு செய்திருந்தார்கள். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நாடு முழுக்க எல்லா மாநிலங்களும் ஊர்ப் பொது நிலங்களிலிருந்து ஆக்கிரமிப்பாளர்களை வெளியேற்றத் திட்டம் போட வேண்டும், நிலத்தை ஊராட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நெடுங்காலம் இருந்தோம், பெரும் பணம் போட்டுக் கட்டினோம் என்பதெல்லாம் காரணமாகாது என்றும் தெளிவாகச் சொன்னது. நிலமற்ற ஏழைகளுக்கு அரசே ஒதுக்கியது போன்ற சில இனங்களுக்கு மட்டும் விலக்கு.

உங்கள் ஊரில் ஏரி சம்பந்தப்பட்டது என்றால் 2007-ம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. நூறு ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ள ஏரி பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேற்பட்டது நீர்வளத் துறையின் பொறுப்பு. மனுவின் மேலே யார் முகவரி எழுத வேண்டும் என்பதை இது தீர்மானிக்கும். தவறான முகவரியில் போன மனு வருடக்கணக்கில் சுற்றும்.

கேள்வி: கிராம சபையில் தீர்மானம் போட்டால் ஏதாவது நடக்குமா? வெறும் காகிதம்தானே?
— ஒரு கல்லூரி மாணவர், மேலூர்

மேலூரிலிருந்து இந்தக் கேள்வியா!

2024 நவம்பர் 7 அன்று உங்கள் பக்கத்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி ஏலம் போனதாக மத்திய அரசு அறிவித்தது. அரிட்டாபட்டி அதற்குள் வந்தது. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அதே அரிட்டாபட்டி. நவம்பர் 23 அன்று நடந்த கிராம சபைகளில் சுரங்கம் வேண்டாம் என்று ஊர் ஊராகத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் விவசாயிகள் மதுரைக்குத் திரண்டு நடந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து. மூன்று மாதம்கூட ஆகவில்லை. தீர்மானம் மட்டும் இதைச் செய்யவில்லை, உண்மைதான். ஆனால் சட்டமன்றம் பேசுவதற்கு முன்பே ஊர் எழுத்தில் பேசிவிட்டிருந்தது.

சட்டமே தீர்மானத்துக்குப் பலம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒடிசாவின் நியமகிரி சாட்சி. அந்த மலையில் பாக்சைட் வெட்டலாமா என்பதைக் கிராம சபைகளே சொல்லட்டும் என்று 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வன உரிமைச் சட்டம் 2006 அதற்கு அடிப்படை. ஜூலை, ஆகஸ்டில் பன்னிரண்டு கிராமங்களில் சபை கூடியது. டோங்ரியா கோந்த் மக்கள் வாழும் ஊர்கள். பன்னிரண்டும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் 2022 முதல் கிராம சபைக்குக் கிராம சபை தீர்மானம் போட்டுவருகிறது. அங்கே நிலமெடுப்பு நடப்பது 1997-ம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நோக்க நிலமெடுப்புச் சட்டப்படி. 2013-ன் மத்திய நிலமெடுப்புச் சட்டம் சமூகத் தாக்க ஆய்வு வேண்டும், அதில் ஊராட்சியையும் கிராம சபையையும் கலந்துகொள்ள வேண்டும் என்கிறது. மாநிலச் சட்டத்தின் வழியில் அந்தக் கட்டாயம் இல்லை. நீதிமன்றத்தில் அடிபட்ட அந்த மாநிலச் சட்டத்துக்கு 2019-ல் சட்டமன்றம் மறுபடி உயிர் கொடுத்தது. ஆக, மூன்று ஊர்களிலும் மக்கள் ஒரே உறுதியோடுதான் பேசினார்கள். பின்னால் நின்ற சட்டம்தான் வேறு. ஏகனாபுரத்தின் தீர்மானத்துக்கு நியமகிரியின் பலம் கிடைக்க வேண்டும் என்பதே என் கருத்து.

கேள்வி: கிராம சபைக்கு எத்தனை பேர் வர வேண்டும்? எங்கள் ஊரில் இருபது பேர் உட்கார்ந்து முடித்துவிடுகிறார்கள்.
— ஒரு வாசகர், திருப்பத்தூர்

மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இருபது பேரோடு நடந்தது கிராம சபை அல்ல. அடுத்த முறை எண்பது பேரை அழைத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: கேரளத்தில் சித்தூர் பக்கம் எனக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது. வீடு கட்ட வேண்டும் என்றால் ஒரு குழுவிடம் போகச் சொல்கிறார்கள். இது என்ன புது வழக்கம்?
— ஒரு வாசகர், பொள்ளாச்சி

நல்ல வழக்கம். நாம் கற்றுக்கொள்ள வேண்டியது.

1970-களின் நடுவில் கேரளத்தில் எட்டே முக்கால் லட்சம் ஹெக்டேரில் நெல் விளைந்தது. 2008 வாக்கில் அது இரண்டேகால் லட்சத்தை ஒட்டிச் சுருங்கிவிட்டது. அந்த ஆண்டு நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் முதுகெலும்பு, ஒவ்வொரு ஊராட்சியிலும் அமைகிற உள்ளூர்க் கண்காணிப்புக் குழு. ஊராட்சித் தலைவர் அதன் தலைவர். வேளாண்மை அலுவலர் கூட்டுநர். கிராம அலுவலர் இருப்பார். கூடவே மூன்று விவசாயிகள். இந்தச் சின்னக் குழு உட்கார்ந்து, ஊரில் எந்த சர்வே எண் நெல்வயல், எது சதுப்புநிலம் என்று ஒரு தரவு ஏடு தயாரிக்கிறது. செயற்கைக்கோள் படமும் துணைக்கு உண்டு. ஏட்டில் ஏறிய வயலை மேவ முடியாது. ஊராட்சிப் பகுதியில் வேறு இடம் இல்லாத உரிமையாளர் சொந்தக் குடியிருப்புக்காகப் பத்து சென்ட் வரை கேட்கலாம். நகராட்சியில் ஐந்து சென்ட். அதற்கும் இந்தக் குழு நேரில் பார்த்துப் பரிந்துரை செய்ய வேண்டும், மாவட்ட அளவிலான குழு அனுமதி தர வேண்டும். தரிசாகப் போட்ட வயலில் பயிர் செய்யச் சொல்லவும், உரிமையாளர் செய்யாவிட்டால் வேறொருவர் செய்ய ஏற்பாடு பண்ணவும் குழுவுக்கு வழி உண்டு. மீறி மேவினால் ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை, அபராதம் ஐம்பதாயிரம் முதல் ஒரு லட்சம் வரை. மேவியதைத் தோண்டி மீண்டும் வயலாக்கி, செலவை உரிமையாளரிடம் வசூலிக்கவும் ஆட்சியரால் முடியும்.

குறைகள் இல்லையா? உண்டு. பல ஊராட்சிகள் ஏட்டை வெளியிடவே வருடக்கணக்கில் இழுத்தன. ரப்பர்த் தோட்டம் வயல் என்று பதிவானது, வயல் விடுபட்டது. திருத்தக் கேட்டு வந்த மனுக்கள் கோட்ட அலுவலகங்களில் குவிந்து, மக்கள் அலைந்து சலித்தார்கள். 2018-ல் வந்த திருத்தம் ஏட்டில் ஏறாத நிலத்துக்குக் கட்டணம் கட்டி மாற்றும் வழியைத் திறந்தது. பொது நோக்கம் என்று சொல்லி மாநில அரசே விலக்கும் கொடுத்துக்கொள்ளலாம். கண்ணூர் மாவட்டம் கீழாற்றூரில் புறவழிச்சாலைக்காக வயல் போனபோது "வயல்கிளிகள்" என்ற பெயரில் மக்கள் திரண்டது அதனால்தான்.

இத்தனை குறையோடும் அந்தச் சட்டத்தை நான் மதிக்கிறேன். வயல் எது என்ற கேள்விக்கு, அந்த வயலைத் தெரிந்த மூன்று விவசாயிகளை மேசையில் உட்கார வைத்துப் பதில் எழுதச் சொல்கிறது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு மேசை இல்லை.

உங்கள் வயல் தரவு ஏட்டில் ஏறியிருக்கிறதா என்று சித்தூர் பக்கத்து கிருஷி பவனில், அதாவது வேளாண்மை அலுவலகத்தில், கேளுங்கள். மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது.

கேள்வி: தஞ்சாவூர்தான் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆயிற்றே? பிறகு எப்படி வயலில் மனை போடுகிறார்கள்?
— ஒரு வாசகி, கும்பகோணம்

2020-ம் ஆண்டின் அந்தச் சட்டம் தடுப்பது ஒரு பட்டியலை: எண்ணெய், எரிவாயுத் துளைப்பு, துத்தநாக, தாமிர உருக்காலை, தோல் பதனிடுதல் போன்றவை. மனைப்பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை. ஹைட்ரோகார்பனுக்கு எதிராகப் போராடிப் பெற்ற சட்டம், அதற்குரிய பெருமை அதற்கு உண்டு. ஆனால் நஞ்சையை ஏக்கர் ஏக்கராக அரிப்பது இன்று மனை வியாபாரம். இந்தச் சட்டத்தில் மேலே முதலமைச்சர் தலைமையில் ஒரு ஆணையம், மாவட்டத்தில் ஆட்சியர் தலைமையில் ஒரு குழு. ஊராட்சி அளவில் கேரளம்போல ஒரு குழுவையும் சேர்த்து, நஞ்சையில் மனைப்பிரிவையும் பட்டியலில் ஏற்ற வேண்டும்.

கேள்வி: என் நிலம், என் உழைப்பு. நெல்லுக்கு விலை இல்லை, கூலிக்கு ஆள் இல்லை. மனையாக விற்றால் பிள்ளையைப் படிக்க வைக்கலாம். வயலைக் காப்பாற்று என்று நகரத்தில் இருந்துகொண்டு சொல்வது எளிது.
— ஒரு விவசாயி, திருவண்ணாமலை மாவட்டம்

உங்கள் கோபம் நியாயமானது. நிலத்தைக் காக்கும் சுமையை முழுக்க விவசாயி தலையில் வைத்துவிட்டு, பலனை ஊரெல்லாம் அனுபவிப்பது சரியல்ல. வயல் நிலத்தடி நீரைச் சேமிக்கிறது, வெள்ளத்தைத் தாங்குகிறது. அதற்கு யாரும் உங்களுக்கு ஒரு ரூபாய் தருவதில்லை. கேரளம் இதில் ஒரு அடி எடுத்து வைத்தது. நெல்வயலை வயலாகவே வைத்திருக்கும் உரிமையாளருக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் என்று 2020-ல் தொடங்கினார்கள். தொகை போதவே போதாது. ஆனால் வயலை வைத்திருப்பது ஊருக்குச் செய்யும் சேவை, அதற்கு ஊர் பணம் தர வேண்டும் என்று ஒரு அரசு ஒப்புக்கொண்டது. நம் அரசிடம் அதைப் பல மடங்காகக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

ஒன்றை மட்டும் பொறுமையாக யோசியுங்கள். உங்கள் வயலில் மனை வந்தால் வாய்க்கால் அங்கே முடிந்துவிடும். கடைமடைக்காரர் அடுத்த ஆண்டே விற்பார், விருப்பம் இல்லாமலே. அவர் நிலமும் அவர் உழைப்புதான். உங்கள் வயல் தனியாக நிற்பதில்லை, அதனால்தான் ஊர் கூடிப் பேச வேண்டியிருக்கிறது.

கேள்வி: வெளிநாட்டில் எப்படி?
— ஒரு வாசகர், காரைக்குடி

ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் 1973-ல் ஒரு சட்டம் போட்டது. டாம் மெக்கால் அப்போது ஆளுநர். ஒவ்வொரு நகரமும் தன்னைச் சுற்றி ஒரு வளர்ச்சி எல்லைக் கோடு வரைய வேண்டும், கோட்டுக்கு வெளியே உள்ள நல்ல மண் விவசாயத்துக்கு என்று. கோட்டை வரைவது உள்ளூர் நிர்வாகம், சரிபார்ப்பது மாநில ஆணையம். விவசாய மண்டலத்தில் பொதுவாக 80 ஏக்கருக்குக் குறைவாக நிலத்தைத் துண்டு போட முடியாது. நம்மூரில் 80 ஏக்கர் ஒருவரிடம் இருப்பதே அபூர்வம். அளவை எடுக்க வேண்டாம், கோட்டை எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஊராட்சியில் குழுக்கள் உண்டு என்கிறார்கள். நான் வார்டு உறுப்பினராக இருந்தேன், ஒரு குழுவையும் பார்த்ததில்லை.
— ஒரு முன்னாள் உறுப்பினர், தருமபுரி

சட்டத்தில் உண்டு. நியமனம், வளர்ச்சி, விவசாயமும் நீர்ப்பிடிப்பும், பணிகள், கல்வி என ஐந்து. நிலத்துக்கு வேண்டியது மூன்றாவது குழு. அது கூடி, ஊரில் எந்த ஓடை தூர்ந்தது, எந்தக் களம் சுருங்கியது, எந்த நஞ்சையில் மண் அள்ளுகிறார்கள் என்று மாதம் ஒரு பக்கம் எழுதினாலே டிடிசிபிக்கு மறுப்பு அனுப்ப ஆதாரம் கையில் இருக்கும். 2002-ம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஊராட்சிக்கு ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் உண்டு. பெரும்பாலான ஊர்களில் இவை பெயரளவில் நிற்கின்றன. அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருபவரிடம் இந்தக் குழுக்களைக் கூட்டுவாரா என்று கேளுங்கள்.

கேள்வி: தலைவர் பதவியில் இருப்பவர் ஒரு பெண். மனை வியாபாரியோடு பேசுவது, முத்திரை வைத்திருப்பது எல்லாம் கணவர்.
— ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

முத்திரை தலைவரிடம் இருக்க வேண்டும். சக பெண்கள் நாலு பேர் அவரிடம் தனியாகப் போய்ப் பேசுங்கள். கையெழுத்துக்கு நாளை பதில் சொல்லப்போவது அவர்தான் என்பதை அவரிடம் யாராவது சொல்லியாக வேண்டும். பாதி இடங்கள் பெண்களுக்கு என்று போராடி வாங்கியது இன்னொருவர் முத்திரை குத்துவதற்கு அல்ல.

கேள்வி: தேர்ந்தெடுத்த ஊராட்சி இல்லாதபோது நிலத்தைப் பற்றிய முடிவுகளை யார் எடுக்கிறார்கள்?
— ஒரு ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர், விழுப்புரம்

தனி அலுவலர். நீங்கள் அனுபவத்தில் பார்த்திருப்பீர்கள்.

2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நீதிமன்றத்தில் நின்றது. அதே மாதம் பதவிக்காலம் முடிந்தது. 2019 டிசம்பர் கடைசியில்தான் 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது, மீதி ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரில். இப்போது தேதிகளைப் பொருத்திப் பாருங்கள். மனை வரன்முறை விதி 2017. விவசாய நிலத்தை மாற்றும் விதி 2017. தமிழ்நாட்டுக் கிராம நிலத்தின் தலையெழுத்தை எழுதிய ஆண்டில், தமிழ்நாட்டின் 12,500-க்கு மேற்பட்ட ஊராட்சிகளில் மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர்கூடப் பதவியில் இல்லை. ஊராட்சிகளைக் கலந்து பேசாமலே வந்த விதிகளை இன்று ஊராட்சிகள் சுமக்கின்றன.

2025 ஜனவரி 5 அன்று அந்த 27 மாவட்டங்களில் உள்ள ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். தேர்தலைத் தள்ளிப் போடுவது அரசியல் கட்சிகளின் விவகாரம் என்று ஊர் நினைக்கக் கூடாது. காலியான நாற்காலிக்கு முன்னால் வயல்தான் முதலில் கைமாறும்.

கேள்வி: மாவட்டத் திட்டக் குழு என்று ஒன்று இருக்கிறதாமே? அதனால் நிலத்துக்கு என்ன பயன்?
— ஒரு வாசகர், நாமக்கல்

அரசியலமைப்பின் 243-இசட்டி பிரிவு சொல்லும் குழு. ஊராட்சிகளின் திட்டத்தையும் நகராட்சிகளின் திட்டத்தையும் ஒன்றாகக் கோத்து, நீர்ப் பங்கீடு உள்பட, மாவட்டத்துக்கு ஒரு வரைவுத் திட்டம் போட வேண்டும். உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். நகரம் எந்தப் பக்கம் வளர வேண்டும், எந்த ஆயக்கட்டைத் தொடக் கூடாது என்று கிராமமும் நகரமும் எதிரெதிரே உட்கார்ந்து பேச அரசியலமைப்பு போட்டுக்கொடுத்த ஒரே இடம். அதைத் தொகை ஒதுக்கும் கூட்டமாக மட்டும் நடத்துவது பெரிய இழப்பு.

கேள்வி: 2023-ல் வந்த நில ஒருங்கிணைப்புச் சட்டத்தை விவசாயிகள் ஏன் எதிர்க்கிறார்கள்?
— ஒரு மாணவி, சிதம்பரம்

நூறு ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்கு, இடையில் வரும் நீர்நிலைகளையும் சேர்த்து நிலத்தை ஒருங்கிணைத்துத் தர அது வழி செய்கிறது. ஓடையும் வரத்துக்காலும் வரைபடத்தில் நகர்த்தக்கூடிய கோடுகள் அல்ல. எதிர்ப்பு சரியே.

கேள்வி: எனக்கு ஒரு நாள்தான் நேரம் இருக்கிறது. ஊருக்காக என்ன செய்யட்டும்?
— வெளியூரில் வேலை பார்க்கும் ஒரு வாசகர், சொந்த ஊர் பரமக்குடி அருகே

தமிழ்நாடு அரசின் நிலப் பதிவேட்டு இணையதளத்தைத் திறங்கள். பட்டா, சிட்டா, புலப்படம் மட்டுமல்ல, "அ" பதிவேட்டு விவரமும் அதில் கிடைக்கும். ஒரு நிலம் புறம்போக்கா என்று சரிபார்க்கவும் முடியும். உங்கள் ஊரின் ஊருணி, மந்தைவெளி, களம், சுடுகாடு, வண்டிப்பாதை, வாய்க்கால் ஒவ்வொன்றின் சர்வே எண்ணையும் பரப்பையும் ஒரு தாளில் எழுதுங்கள். பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நடந்து போய், தாளில் உள்ளது தரையில் இருக்கிறதா என்று பாருங்கள். குறைவதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும். அடுத்து வரும் நாளில் அந்தத் தாளை அங்கே சத்தமாக வாசியுங்கள். வாசித்ததைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள், ஏற்றியதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். லீவு கிடைக்கவில்லை என்றால் தாளை ஊரில் இருக்கும் தம்பி தங்கையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.